தூசிக்குள் ஒளிந்த குவாசார்: தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஹட்டனில் உயர்தர பௌதிகவியல் பிள்ளைகளுக்கு தூசிக்குள் ஒளிந்த குவாசார்களைத் தேடும் ஒரு சிறு செயற்திட்டம் செய்விக்கிறேன். குவாசார் என்பது தொலைதூர விண்மீன் மண்டலத்தின் நடுவில், பெரும் கருந்துளையில் விழும் பொருளால் பிரகாசிக்கும் மையம். மலையில் பனிமூட்டம் இறங்கினால் தொலைநோக்கி வைத்தும் பயனில்லை. அதனால் வானத்தை அகச்சிவப்பில் படம்பிடித்த வைஸ் (WISE) விண்கலத்தின் இலவசத் தரவை எடுத்தோம்.

தூசி நீல ஒளியை விழுங்கிச் சூடாகி அகச்சிவப்பில் உமிழும். அதனால் இந்தக் குவாசார்கள் 3.4 மைக்ரோன் அலைநீளத்தைவிட 4.6-இல் தூக்கலாகத் தெரியும். இரண்டின் பருமன் (பிரகாச அளவு) வித்தியாசம் 0.8-க்கு மேல் உள்ளவற்றை வடிகட்டினோம். சரி, பட்டியல் வந்தது. ஆனால் பழுப்புக் குள்ள விண்மீன்களும் (விண்மீனாக எரியப் போதிய நிறையில்லாத குளிர்ந்த பொருட்கள்) அதே வலையில் விழுகின்றனவே! 12 மைக்ரோன் அளவையும் சேர்த்துப் பிரிக்க, எல்லையை எங்கே போடுவது? நிறமாலை இல்லாமல் உறுதி சொல்ல முடியாது, அது தெரியும்.

டொப்கெட் (TOPCAT) என்ற வானியல் அட்டவணை மென்பொருளில் 2மாஸ் (2MASS) என்ற அண்மை அகச்சிவப்பு வான் பட்டியலோடு பொருத்தத் தெரிந்த அண்ணாமார், அக்காமார் யாராவது வழி சொல்லுங்கள். இருப்பது ஒரேயொரு பழைய லெப்டொப். பெரிய கோப்பு தாங்காது.