புதுப்பிப்பு: ரிடெய்னர் இறுகுவது பற்றி

பல் கிளிப் கழற்றிய பிறகு, பல் நகராமல் இருக்க மாட்டிக்கொள்ளக் கொடுத்த பிளாஸ்டிக் உறைதான் ரிடெய்னர். அது ஒரு ராத்திரி விட்டுப் போட்டாலே இறுகுகிறதே, பல் மறுபடி நகர்கிறதா என்று முன்பு கேட்டிருந்தேன். டாக்டரைப் பார்த்துவிட்டேன்.

ரிடெய்னரை மாட்டச் சொல்லி, முன்பல் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே சந்து தெரிகிறதா என்றுதான் முதலில் பார்த்தார். இல்லை. பல்லில் முழுசாக உட்கார்ந்துவிட்டால் லேசான இறுக்கம் பரவாயில்லையாம். உட்காராவிட்டால் அழுத்தித் திணிக்காமல் வந்துவிடச் சொன்னார்.

பல்லை இழுப்பது பெரும்பாலும் ஈறுதான். பல்லைச் சுற்றியுள்ள எலும்பு சில மாதங்களில் கெட்டிப்படும். ஈறில் இருக்கும், ரப்பர் மாதிரி இழுக்கும் நார்கள் அடங்கவோ ஒரு வருடம்கூட ஆகலாம். அப்புறமும் விட முடியாது. வயதாக ஆகக் கீழ்வரிசை முன்பற்கள் நெருக்கிக்கொள்வது கிளிப்பே போடாதவர்களுக்கும் உண்டு. ஆக, ராத்திரி மட்டுமாவது தொடர வேண்டும்.

இதற்குப் பதில் பல்லில் நிரந்தரமாகக் கம்பி ஒட்டிக்கொள்ளலாமே என்றவர்களுக்கு: கீழ்ப்பற்களின் உள்பக்கம், கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை ஒட்டுவார்கள். நல்ல வழிதான். ஆனால் அதன் அடியில் காரை (கெட்டியாகிப்போன பல் அழுக்கு) படியும், தினமும் ஃபிளாஸ் நூலைக் கோத்து எடுக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

கழுவுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெந்நீர் பட்டால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். பச்சைத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும்.