15ஆம் நூற்றாண்டு மார்புக் கவசத்தைக் கையால் தட்டிச் செய்வதற்கு எந்தத் தகடு, எந்தத் தடிப்பு?

கேள்வி: கல்லடிப் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் வாகனங்களுக்கான டிங்கர் வேலையைத் தொழிலாகச் செய்து வருகிறேன். நெளிந்த மட்காட்டைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவதும், துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்து ஒட்டுவதும் எனக்குப் பழகிய வேலைகள். இப்போது கைக்கு வந்திருப்பது வேறொரு வேலை. சுவிற்சர்லாந்தில் வசிக்கும் என் சித்தப்பாவின் மகன், ஐரோப்பிய மத்தியகாலப் போர்வீரர்களைப் போலக் கவசம் அணிந்து விழாக்களில் பங்குபற்றும் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறார். அங்குள்ள கைவினைஞர்கள் கேட்கும் விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே, 15ஆம் நூற்றாண்டின் இத்தாலியப் பாணியில் மார்புக் கவசமும் முதுகுக் கவசமும் உருக்கில் செய்து அனுப்புமாறு என்னைக் கேட்டிருக்கிறார். அவை சரியாக அமைந்தால் கைக்கவசங்களையும் செய்யலாம் என்கிறார்.

படங்களைப் பார்த்து வடிவத்தை ஓரளவு விளங்கிக்கொண்டேன். தகட்டைத் தெரிவுசெய்வதில்தான் தெளிவில்லை. கடையில் கிடைக்கும் 16 கேஜ் (ஏறத்தாழ 1.6 மில்லிமீற்றர்) கறுப்புத் தகடு போதுமா, அல்லது பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடக்கும் லொறி ஸ்பிரிங் பட்டைகளை உலையில் காய்ச்சி அடித்தால்தான் உண்மையான கவசத்தின் வலிமை கிடைக்குமா? பட்டறையில் மிஞ்சியிருக்கும் நாக முலாமிட்ட (கல்வனைஸ்) தகட்டில் முதலில் மாதிரி ஒன்று தட்டிப் பார்க்கலாமா? செய்து முடித்த பின் தோய்ச்சல் கொடுக்க, அதாவது காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்திக் கடினமாக்க வேண்டுமா? அணியப்போகிறவர் எனக்கு முன்னால் இல்லாதபோது அளவை எப்படி எடுப்பது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: அக்கரைப்பற்று உலை

தம்பி, தகட்டை வாங்குவதற்கு முன் உங்கள் உறவினரிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் இந்தக் கவசத்தை அணிந்து ஊர்வலத்தில் நடக்கப்போகிறாரா, அல்லது மழுங்கிய வாளாலும் கோடரியாலும் உண்மையாகவே அடித்து மோதும் போட்டியில் இறங்கப்போகிறாரா? நடப்பதற்கு மட்டும் என்றால், கடைக்காரர் மைல்ட் ஸ்டீல் என்று தரும் மென்னுருக்கில் 1.2 மில்லிமீற்றர்த் தகடு தாராளமாகப் போதும். அடி வாங்குவதற்கு என்றால் 1.6 மில்லிமீற்றருக்குக் குறைய வேண்டாம். அத்தகைய போட்டிகளை நடத்துவோர் கவசத்தின் தடிப்புக்கும் வடிவத்துக்கும் தமக்கென விதிகளை வைத்திருப்பார்கள் என்பதால், அவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்ட பின்னரே வேலையைத் தொடங்குங்கள். பின்னர் அவர் தலைக்கவசமும் கேட்டு, அதுவும் அடி வாங்குவதற்குத்தான் என்றால், இப்போதைக்கு அதை ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து.

லொறி ஸ்பிரிங் நல்ல உருக்குத்தான். எங்கள் பக்கத்தில் கத்தியும் உளியும் அதில்தான் அடிக்கிறோம். ஆனால் பல மில்லிமீற்றர் தடிப்பும் ஒரு சாணுக்கும் குறைந்த அகலமும் கொண்ட பட்டை அது. அதை மார்பளவு அகலமான மெல்லிய தகடாக அடித்து விரிப்பதற்கு, அக்கால ஐரோப்பாவில் இருந்ததைப் போல நீர்ச்சக்கரத்தால் இயங்கும் பெருஞ்சம்மட்டி வேண்டும். தனியொருவரின் தோள் அதற்குப் போதாது. அந்தப் பட்டைகளைக் கொண்டு தகட்டுக்கு அடியில் வைத்துத் தட்டும் தாங்கிகளையும் உளிகளையும் செய்துகொள்ளுங்கள். அவற்றை வளைப்பதற்குக் காய்ச்சி இளக்கும்போது, நெல் ஆலைகளில் கிடைக்கும் உமிச்சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிடுங்கள். கவசத் தகட்டையும் அவ்வாறே செய்யலாம்.

நாக முலாமிட்ட தகட்டை உலைக்கு அருகிலேயே கொண்டுபோக வேண்டாம். நாகம் 907 பாகை செல்சியசில் கொதித்து வெள்ளைப் புகையாக எழும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணித்தியாலங்களில் குளிரும் காய்ச்சலும் பிடிக்கும். அத்துடன், மாதிரிக்குத் தகடே தேவையில்லை. தடித்த காட்போட் மட்டையை வெட்டி ஒட்டி உடலில் வைத்துப் பார்த்துத் திருத்துவது மலிவு; தகட்டில் தெரியாத குறைகளும் அதில் தெரியும்.

இனித் தட்டும் முறை. இறைச்சிக் கடைகளில் வைத்திருப்பதைப் போன்ற புளியங்குற்றி ஒன்றைத் தேடி, அதன் வெட்டுமுகத்தில் ஆழமில்லாத குழி ஒன்றைக் குடைந்து, தகட்டின் உட்புறம் மேலே இருக்குமாறு வைத்து உருண்டைமுகச் சுத்தியலால் தட்டினால் தகடு விரைவாகக் குழிந்து வரும். ஆனால் தட்டிய இடம் இழுபட்டு மெலியும். மார்பில் மெலிவது நடுப்பகுதி, அதாவது அடி அதிகம் விழும் இடம். மற்ற முறையில், உருண்டைத் தலையுள்ள தாங்கியின் மேல் தகட்டைக் கவிழ்த்து, வெளிப்புறத்திலிருந்து சுற்றுச் சுற்றாகத் தட்டிக்கொண்டு போக வேண்டும். அப்போது விளிம்பு சுருங்கித் தடிக்கும், நடுப்பகுதி தன் தடிப்பை இழக்காது. வேலைதான் மிக மெதுவாக நகரும். டிங்கர் வேலை செய்பவருக்கு முதல் முறையில் கை ஓடும் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: குழியில் தொடங்கி, வடிவத்தின் சாயல் தெரிந்தவுடன் தாங்கிக்கு மாறிவிடுங்கள். தாங்கியின் தலைக்கு, விளையாட்டுப் போட்டியில் எறியும் இரும்புக் குண்டைக் குழாயில் ஒட்டிப் பயன்படுத்துவோர் உண்டு. சில குண்டுகளின் உள்ளே ஈயம் இருக்கும் என்பதால், உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாமல் வெல்டிங் வைக்க வேண்டாம்.

கழுத்துப்புறமும் அக்குள்புறமும் வரும் விளிம்புகளை வெளிப்புறமாக மடித்து, உள்ளே கம்பி வைத்துச் சுருட்ட வேண்டும். தகட்டின் மேல் வழுக்கி வரும் வாள்முனையைக் கழுத்துக்குப் போகாமல் தடுப்பது அந்தச் சுருள்தான். தகடு நெளியாமல் விறைப்பாக நிற்பதும் அதனால்தான்.

பதில்: வாவிக்கரை வாசகர்

உலோக வேலை எனக்குத் தெரியாது; பழைய கவசங்களைப் பற்றிப் படிப்பதில் ஆர்வம் உள்ளவன் என்ற அளவில் வடிவத்தைப் பற்றிச் சொல்கிறேன். இத்தாலியப் பாணியைத் தெரிவுசெய்தது உங்களுக்கு வசதி. அக்கால மிலான் கவசங்களில் மார்புப்பகுதி பெரும்பாலும் ஒரே தகடாக இருக்கவில்லை. மேல்மார்புக்கு ஒரு தகடு. இடுப்பிலிருந்து மேலெழுந்து அதன் கீழ்ப்பாதியை மூடும் இரண்டாவது தகடு. இரண்டையும் தோல்வாரும் கொளுக்கியும் இணைத்தன. இதனால் வயிற்றுப்பகுதியில் இரட்டைத் தடிப்புக் கிடைத்தது. அணிந்தவரால் சற்றுக் குனியவும் முடிந்தது. ஒரே தகட்டில் மார்பை வெளியே தள்ளி இடுப்பை உள்ளே ஒடுக்குவது மிகக் கடினமான வேலை என்பார்கள். நீங்கள் அதை இரண்டாகப் பிரித்துச் செய்யலாம். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ அருங்காட்சியகத்தில் உள்ள, 1440ஆம் ஆண்டளவில் மிலானில் செய்யப்பட்ட ‘அவான்ற்’ கவசத்தின் படங்களைத் தேடிப் பாருங்கள்.

படங்களைப் பார்த்துச் செய்பவர்கள் தவறவிடும் இடம் இடுப்பு. மார்புக் கவசம் தொப்புளுக்குச் சற்று மேலே, உடல் ஒடுங்கும் இடத்தில் முடிய வேண்டும். நாம் காற்சட்டைப் பட்டி கட்டும் இடம் வரை இறங்கக் கூடாது. அதற்குக் கீழே தொங்குவன ஒன்றன்மேல் ஒன்றாக நகரும் தனித் தகட்டுப் பட்டைகள். தகடு கீழே இறங்கிவிட்டால், அணிந்தவர் உட்காரும்போது அது மேலே தள்ளித் தொண்டையில் முட்டும். மேற்பகுதியின் அகலத்திலும் இதே கவனம் தேவை: இரு கைகளையும் முன்னால் நீட்டி முழங்கைகளை ஒன்றுக்கொன்று நெருக்க முடியாவிட்டால், அந்தக் கவசத்துடன் இரு கையால் வாள் பிடிக்க முடியாது. போர்வீரர் கீழே விழுந்தால் எழ முடியாமல் கிடப்பார் என்ற பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போர்க்களத்துக்கான முழுக் கவசம் 15 முதல் 25 கிலோகிராம் வரைதான் இருந்தது, அந்தப் பாரமும் உடல் முழுவதும் பகிரப்பட்டிருந்தது.

அளவைப் பொறுத்தவரை, வெறும் உடலின் அளவு உங்களுக்கு உதவாது. கவசத்துக்கு உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த அங்கி ஒன்றை அணிவார்கள். உங்கள் உறவினர் முதலில் அதை வாங்க வேண்டும். அதன்மேல் பழைய சேர்ட் ஒன்றை அணிந்து, நண்பர் ஒருவரைக் கொண்டு அகலமான ஒட்டுநாடாவால் உடலோடு ஒட்டச் சுற்றச் செய்து, முதுகுப்புறம் வெட்டிக் கழற்றித் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். இடுப்பு ஒடுங்கும் இடத்தை அதன்மேலேயே கோடிட்டுக் காட்டவும் சொல்லுங்கள். இங்கே அதை மீண்டும் ஒட்டி, வைக்கோலால் இறுக அடைத்துவிட்டால், அவருடைய உடல்வடிவம் உங்கள் பட்டறையிலேயே நிற்கும்.

இன்னொன்று. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள் என்பதைக் கொண்டு, இத்தகைய கவசங்கள் இங்கும் உலாவின என்று எழுதுவோர் உண்டு. துப்பாக்கி பரவிவிட்ட அந்தக் காலத்தில் முழுக் கவசம் வழக்கொழிந்துகொண்டிருந்தது. மார்புத் தகடும் திறந்த தலைக்கவசமுமே பெரும்பாலும் எஞ்சியிருந்தன. நீங்கள் செய்யப்போவது அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முற்பட்டது.

பதில்: சம்மாந்துறை ஆசிரியர்

தோய்ச்சலைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உருக்கைத் தோய்த்தால் அது கடினமாவதற்குக் காரணம் அதிலுள்ள காபன். மென்னுருக்கில் காபன் 0.25 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு என்பதால், அதைச் சிவக்கக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தாலும் சொல்லத்தக்க கடினம் ஏறாது. ஆகவே மென்னுருக்கான கறுப்புத் தகட்டில் செய்தால் தோய்ச்சல் என்ற பேச்சுக்கே இடமில்லை. 0.5 சதவீதம் காபன் உள்ள உருக்குத் தகடு கிடைத்தால் நிலைமை வேறு: காந்தம் ஒட்டாத நிலையைத் தாண்டி 830 பாகையளவு வரை காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, பின்னர் 400 பாகையளவில் மீண்டும் சூடாக்கி நொறுங்குந்தன்மையைப் போக்கினால், மெல்லிய தகடே அடியை வாங்கித் தன் வடிவத்துக்குத் திரும்பும். ஐரோப்பாவில் இன்று போட்டிக்கெனக் கவசம் செய்யும் பலர் இந்த வழியைப் பின்பற்றுகிறார்கள். ஆனால் கரி உலையில் மார்புத் தகடு முழுவதையும் ஒரே வெப்பத்தில் வைத்திருப்பது இயலாத காரியம். ஒரு பக்கம் முந்தி ஆறினாலே தகடு முறுக்கிக்கொள்ளும். அகலமான தொட்டியில் நிறைந்த எண்ணெய் தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. உங்கள் முதல் கவசத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மென்னுருக்கில் செய்தால் அது போலியாகிவிடும் என்ற தயக்கமும் வேண்டாம். பழைய கவசங்களின் உலோகத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்த அலன் வில்லியம்ஸ், அவற்றில் கணிசமானவை காபன் குறைந்த, கசடு கலந்த இரும்பாகவே இருந்ததைக் காட்டியிருக்கிறார். இன்ஸ்புறூக், ஒக்ஸ்பேர்க் போன்ற நகரங்களின் பட்டறைகளில் தோய்ச்சல் கொடுத்துக் கடினமாக்கிய கவசங்கள் செய்யப்பட்டது உண்மை. எல்லாக் கவசங்களும் அப்படி இருக்கவில்லை. இன்றைய ஆலைத் தகட்டில் கசடு மிகக் குறைவு என்பதால், நீங்கள் தொடங்கும் பொருள் அக்காலக் கொல்லர் பலருக்குக் கிடைத்ததைவிடச் சீரானது.

அக்கரைப்பற்று ஐயா சொன்ன உமிச்சாம்பல், ஸ்பிரிங் உருக்குக்கு அவசியமானது. மென்னுருக்கை 700 பாகையளவில் மங்கிய சிவப்பாகக் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டாலே அது இளகிவிடும். குளிராகத் தட்டத் தட்டத் தகடு இறுகி, சுத்தியலை எதிர்த்துத் துள்ளத் தொடங்கும். அதுதான் காய்ச்ச வேண்டிய நேரம், அதற்கு மேலும் தட்டினால் விளிம்பில் வெடிப்பு விழும். ஆனால் வடிவம் முழுமையாக வந்த பிறகு, மேற்பரப்பைச் சீராக்கும் கடைசிச் சுற்றைக் குளிராகவே தட்டி, அதன்பின் காய்ச்சாமல் விட்டுவிடுங்கள். தட்டியதால் ஏறிய இறுக்கம் தகட்டிலேயே தங்கும். மென்னுருக்கைக் கடினமாக்க உங்களிடம் இருக்கும் ஒரே வழி அதுதான்.

எடையையும் முன்கூட்டியே கணித்துக்கொள்ளலாம். உருக்கின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 7.85 கிராம் என்பதால், 1.6 மில்லிமீற்றர்த் தகடு ஒரு சதுர மீற்றருக்கு 12.56 கிலோகிராமும், 1.2 மில்லிமீற்றர்த் தகடு 9.42 கிலோகிராமும் இருக்கும். மட்டை மாதிரியைச் சதுரக் கோட்டுத்தாளில் விரித்துப் பரப்பைக் கணக்கிட்டால், கவசம் எத்தனை கிலோகிராம் வரும் என்பதைத் தகடு வாங்கும் முன்பே உறவினருக்குச் சொல்லிவிடலாம். முன்புறத்துக்குத் தடித்த தகடும் முதுகுக்கு மெல்லிய தகடும் எடுப்பது பழைய வழக்கத்தோடு ஒத்துப்போகும்.

மறுமொழி: கல்லடிப் பட்டறை

மூவருக்கும் மிக்க நன்றி. உறவினரிடம் கேட்டேன், மழுங்கிய ஆயுதங்களால் மோதும் குழுதான், விதிகளை அனுப்புவதாகச் சொல்கிறார். ஆகவே முன்புறத்துக்கு 1.6, முதுகுக்கு 1.2 மில்லிமீற்றர் என்று, விதிகள் இடம்கொடுத்தால், தீர்மானித்திருக்கிறேன். இரண்டு சிறிய கேள்விகள் எஞ்சியுள்ளன. என் பட்டறை வாவிக்கும் கடலுக்கும் இடையில் இருப்பதால் மினுக்கிய தகட்டில் ஒரே இரவில் துரு படர்கிறது. வேலை நடக்கும் காலத்தில் தேங்காய் எண்ணெய் பூசி வைக்கலாமா? வார்களைப் பொருத்த எந்த ஆணியைப் பயன்படுத்துவது?

பதில்: அக்கரைப்பற்று உலை

தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் காறிப் பிசுபிசுக்கும். இயந்திரங்களுக்குப் பூசும் கனிம எண்ணெயை மெல்லியதாகத் துடைத்து வையுங்கள். மாரி காலத்தில் மினுக்கு வேலையில் இறங்க வேண்டாம்; தட்டும் வேலை முழுவதும் முடியும்வரை தகட்டின் கறுப்புத்தோலை அப்படியே விட்டால் துரு மெதுவாகவே ஏறும். அக்காலத்திலும் எல்லாக் கவசங்களும் கண்ணாடிபோல் மினுக்கப்படவில்லை. கறுப்பாக விட்டவையும் வர்ணம் பூசியவையும் இருந்தன என்பதை உறவினரிடம் சொல்லிப் பாருங்கள், மினுக்குக் கூலி மிஞ்சும். அனுப்பும்போது எண்ணெய் பூசிய தகட்டை எண்ணெய்த் தாளில் சுற்றிக் காற்றுப் புகாமல் கட்டுங்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் என்பதால் வார்களை அதனோடு சேர்த்துக் கட்ட வேண்டாம்.

ஆணிக்கு, தலை அகன்ற மென்னிரும்பு ரிவெட் போதும். அலுமினியத்தில் வரும் பொப் ரிவெட்டைத் தொடவே வேண்டாம்; முதல் மோதலிலேயே கழன்றுவிடும். வார்களையும் கொளுக்கிகளையும் நீங்கள் இங்கே பொருத்தாமல், தகட்டில் மட்டும் துளைகளை இட்டு, ரிவெட்டுகளைத் தனியாக ஒரு பையில் போட்டு அனுப்புங்கள். அவர் உள்ளங்கியுடன் கவசத்தை அணிந்து நிற்கும்போது, அவருடைய குழுவில் கைப்பழக்கமுள்ள ஒருவர் வாரின் நீளத்தைக் குறித்து அங்கேயே அடித்துக்கொள்ளலாம்.