தென்னை சுருள் வெள்ளை ஈ – மஞ்சள் அட்டை கட்டினா குளவி செத்துடுமா?

வணக்கம் நண்பர்களே, தென்னைல சுருள் வெள்ளை ஈ ஓவரா இருக்கு, ஓலைக்கு அடிப்பக்கம் சுருள் சுருளா வெள்ளையா முட்டை, அது விடுற பிசின் கீழ் மட்டைல விழுந்து கரும்பூசணம் புடிச்சு ஒரே கருப்பு. எல்லாரும் இமிடாகுளோபிரிட் பூச்சி மருந்து அடிக்க சொல்றாங்க, எனக்கு மனசே வரல, ஏன்னா லென்ஸ் வச்சு பாத்தா வெள்ளை ஈயோட சில கூட்டுப்புழு மேல குண்டூசில குத்தின மாதிரி உருண்டையா ஓட்டை இருக்கு, அப்போ வெள்ளை ஈக்குள்ளயே வளந்து அத கொல்ற குட்டி என்கார்சியா குளவி வேலைய ஆரம்பிச்சிடுச்சு (ஈ வெளிய வந்திருந்தா உருண்டையா இருக்காது, கிழிஞ்சிருக்கும்). மருந்து அடிச்சா அதுவும் போயிடும்.

விளக்கெண்ணெய் தடவின மஞ்சள் அட்டை கட்டினா குளவியும் ஒட்டிக்குமா? எந்த உயரத்துல கட்டுறீங்க? குளவி இருக்கற ஓலைத் துண்ட வெட்டி வேற மரத்துல பின் பண்ணி விட்டவங்க இருந்தா எவ்ளோ நாள்ல பரவுச்சுனு சொல்லுங்க, கரும்பூசணத்துக்கு மைதா கரைசல் அடிச்சவங்களும் சொல்லுங்க ப்ளீஸ்.