வளரும் இசைக்குழுக்களை நேரில் போய்த்தான் கேட்க வேண்டுமா? சென்னையை முன்வைத்து ஒரு விவாதம்

வேளச்சேரி வாசகன்:
சொந்தப் பாடல்களோடு புதிதாக மேடையேறும் ஒரு குழுவை, ஒரே ஒரு நிகழ்ச்சியையோ யூடியூபில் ஒரு காணொளியையோ வைத்து எடைபோட்டுவிடும் பழக்கம் சென்னை ரசிகர்களிடம் வேரூன்றிவிட்டது. இது நியாயமன்று என்பதே என் வாதம். மூன்று குழுக்கள் வாசிக்கும் மாலையில் புதிய குழுவே முதலில் மேடையேறுகிறது. ஒலிச்சோதனையோ கடைசியில் வாசிக்கும் பெரிய குழுவுக்கே முழுமையாகக் கிடைக்கிறது. புதியவர்களுக்கு மிஞ்சுவது, ஒவ்வொரு வயரிலும் சத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொள்வதற்கான சில நிமிடங்கள்தான். அதனால் முதல் பாட்டில் டிரம்ஸ் மட்டும் முழங்கும். பாடகரின் உதடு அசையும், சொல் கேட்காது. இரண்டாம் பாட்டின் நடுவில்தான் ஒலிப்பொறியாளர் குரலைத் தூக்கிவிடுவார். அந்த மாலையைக் கேட்டுவிட்டுப் பாடகருக்குக் குரலில்லை என்று எழுதுகிறவர், உண்மையில் ஒலியைக் கலக்கும் மிக்ஸர் கருவியைத்தான் விமர்சிக்கிறார். அதே குழுவைச் சில மாதங்கள் கழித்துக் கேளுங்கள். நீண்டிருந்த முன்னிசை பாதியாகக் குறைந்திருக்கும். கூட்டம் கைதட்டிய இடத்தில் ஒரு சுற்று கூடியிருக்கும். பாட்டு மேடையில்தான் முதிர்கிறது. அதைக் கூடவே இருந்து பார்ப்பதற்குப் பதிவு எதுவும் ஈடாகாது.

கீழ்வரிசை:
அழகாகச் சொல்கிறீர்கள், ஆனால் எந்த மேடையில் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். தமிழ்நாட்டில் மதுக்கூட உரிமம் கிளப்புகளுக்கும் நட்சத்திர விடுதிகளுக்கும்தான் கிடைக்கிறது. பெங்களூரில் இருப்பதுபோல் தெருவுக்கொரு தனிப் பப் இங்கே கிடையாது. ஆகவே நம் ஊரின் மேடைகளில் பெரும்பகுதி விடுதிகளுக்குள் அடங்கிவிட்டது. மது அருந்தும் வயது 21 என்பதால், இந்த இசையை ஆசையோடு தேடும் கல்லூரி மாணவருக்கு வாசலிலேயே தடை. உள்ளே போனவரும், ஒரு குளிர்பானத்துக்கு அங்கே போடும் விலையையும், மெட்ரோ இரவு 11 மணியோடு நின்றுவிட்ட பிறகு வீடு திரும்பும் ஆட்டோ கூலியையும் கணக்குப் போட வேண்டும். மாதவரத்திலிருந்தோ பல்லாவரத்திலிருந்தோ வருகிறவருக்கு சில மாதங்கள் கழித்து மறுபடியும் வந்து கேளுங்கள் என்று அறிவுரை சொல்வது, வசதி உள்ளவருக்கு மட்டுமே கருத்துச் சொல்லும் உரிமை உண்டு என்று சொல்வதற்குச் சமம். 2012இல் இங்கே உருவான தி எஃப்16எஸ் என்ற ராக் குழுவை நாட்டின் பிற ஊர்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் பதிவுகள் வழியாகத்தான் அறிந்தார்கள். அவர்களுடைய ரசனையில் என்ன குறை கண்டீர்கள்?

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே வளர்கிறவர்கள் கடைசியில் கோடம்பாக்கத்துக்குத்தான் போகிறார்கள். ஷான் ரோல்டன் நண்பர்களோடு குழுவாக வாசித்ததைத் தொடர்ந்து போய்க் கேட்டவர்கள் சிலரே. 2014இல் அவர் திரைப்படத்துக்கு இசையமைத்த பிறகுதான் ஊர் முழுவதும் கேட்டது. நீங்கள் இசைக்களம் என்று போற்றுவது, சினிமாவுக்கான காத்திருப்பு அறை.

வேளச்சேரி வாசகன்:
கட்டணத்தைப் பொறுத்தவரை, தலைக்கு 500 ரூபாய் வரையிலான இசை நிகழ்ச்சி நுழைவுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால், புதிய குழுக்களுக்கு அந்த வரம்பைத் தாண்டாமல் இருப்பதே லாபம். ஒரு புதுப்படத்துக்கு முதல் நாள் போய்ப் பாப்கார்னும் வாங்கும் செலவைவிட இது கூடுதலாகிவிடாது. சினிமாவுக்குப் போவதை நான் தோல்வியாகக் கருதவில்லை. திரையில் ஒருவர் செய்யும் புதுமையின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்கு அந்தப் பாட்டு வேறு விதமாகக் கேட்கும்.

எல்லாம் விடுதிக்குள்தான் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளித் திடலில்தான் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதன்முதலில் மேடையேறியது. கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் ஒலிக்க, சாதியையும் இடஒதுக்கீட்டையும் பற்றி 19 பேர் வாசித்துப் பாடியதைத் திறந்தவெளியில் பெருங்கூட்டம் கேட்டது. அந்த மாலையின் வேகத்தில் பாதிகூடப் பிறகு வந்த காணொளிகளில் கிடையாது.

கீழ்வரிசை:
அதற்குப் பின்னால் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் இருந்தது. பெயர்பெற்ற திரைப்பட இயக்குநர் ஒருவர் துணை நின்ற முயற்சியை எடுத்துக்காட்டி, யார் துணையும் இல்லாத நான்கு பேர் குழுவுக்கும் திடல் கிடைக்கும் என்று வாதிட முடியாது. நான் கேட்டது அந்த நான்கு பேரைப் பற்றி. அவர்கள் மேடையில் பாடுவதும் பெரும்பாலும் பிறருடைய பாடல்களே. அதைக் கேட்க நான் ஏன் நேரில் வர வேண்டும்?

பேஸ்காரன்:
அந்த நான்கு பேரில் ஒருவனாக, பேஸ் கிட்டார் வாசிப்பவனாக நான் சிலவற்றைச் சொல்கிறேன். பிறர் பாடல்களை நாங்கள் விரும்பிப் பாடுவதில்லை. விடுதி நிர்வாகம் கேட்பது இரண்டு, மூன்று மணி நேர இசை. புதிய குழுவின் கையில் இருப்பதோ நாற்பது நிமிடச் சொந்தப் பாடல்கள். மீதி நேரத்தை இளையராஜாவும் ரகுமானும் நிரப்புகிறார்கள். அந்தப் பாடல்களுக்கு எழும் கைதட்டலில் எங்கள் பாடல் ஒன்றை நடுவில் செருகிவிடுவோம். கிடைக்கும் பணம் பயிற்சி அறையின் மணிக்கணக்கு வாடகைக்கும், ஆம்ப்ளிஃபையரை ஏற்றி இறக்கும் வண்டிக்கும் போய்விடுகிறது. அடையாறில் அன்வைண்ட் சென்டர் என்ற இசை மையம் போன்ற இடத்தில் வாசித்தபோது சொந்தப் பாடல்களுக்கே இடம் இருந்தது. அப்படிப்பட்ட இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வாசகன் சாருக்கும் ஒரு வார்த்தை. நேரில் வருவது மட்டும் போதாது. நண்பனின் குழுவைக் கேட்க வருகிறவர் அது முடிந்ததும் கிளம்பிவிடுகிறார். பெரிய குழுவுக்காக வருகிறவர் எட்டரை மணிக்குத்தான் உள்ளே நுழைகிறார். இருவருக்கும் நடுவில் வாசிக்கும் எங்களைக் கேட்பது மேசை துடைக்கிறவர்கள்தான். திறந்தவெளி என்றால் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். ஆகவே முதல் குழு ஆறு மணிக்கே தொடங்கும். அந்த நேரத்தில் ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் இருந்து யார் வந்து சேர முடியும்?

வேளச்சேரி வாசகன்:
நீங்கள் சொல்வது கர்நாடக இசைச் சபாக்களின் நிலையை நினைவூட்டுகிறது. டிசம்பர் சீசனில் பகல் கச்சேரிகளைப் பெரும்பாலான சபாக்கள் இலவசமாகத் திறந்துவிடுகின்றன. அரங்கு பாதிகூட நிரம்பாது. ஆனாலும் அந்தப் பகல் வேளையிலிருந்து மாலைக்கு ஏறிவர ஒரு படிக்கட்டு இருக்கிறது. பகல் கச்சேரிக்குப் போய்க் குறிப்பெடுத்துக்கொண்டு, இந்தப் பெண் இன்னும் ஐந்து வருடத்தில் மாலைக்கு வந்துவிடுவாள் என்று சொல்லும் மாமாக்களை நாம் கேலி செய்கிறோம். அந்தப் படிக்கட்டு அவர்களால்தான் இன்னும் நிற்கிறது. சொந்தப் பாடல் எழுதும் குழுக்களுக்கு அப்படிக் குறித்துவைத்துக்கொண்டு வரும் காதுகள் இல்லை என்பதுதான் என் குறை.

கீழ்வரிசை:
சபாவின் படிக்கட்டில் யாரை ஏற்றினார்கள், யாரை ஏற்றவில்லை என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். அதை ஒரு முன்மாதிரியாகக் காட்டுவதற்கு நான் உடன்பட மாட்டேன். அதனால்தானே 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவர் குடியிருப்பில், கர்நாடக இசையையும் பறையையும் ஒரே கடற்கரை மேடையில் இலவசமாக வைக்க வேண்டியிருந்தது? அங்கே வயதும் கேட்கவில்லை, குளிர்பானமும் விற்கவில்லை. அப்படி மாதம் ஒரு ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு, ஒரு மாநகராட்சிப் பூங்காவிலோ சமுதாயக் கூடத்திலோ இரண்டே இரண்டு புதிய குழுக்களை வாசிக்கச் சொல்லுங்கள். நான் தவறாமல் வருகிறேன். அதுவரை என் ஹெட்ஃபோனைக் குறை சொல்லாதீர்கள்.

பேஸ்காரன்:
பூங்காவுக்கு மாநகராட்சி அனுமதியும் காவல்துறை அனுமதியும் வேண்டும். ஒலிபெருக்கி வாடகையை யார் கொடுப்பார் என்ற கேள்வியும் உண்டு. சமுதாயக் கூடம் என்றால் முகூர்த்த நாள் இல்லாத ஞாயிறாகப் பார்க்க வேண்டும். ஆடியில் கல்யாணம் இல்லாததால் கூடங்கள் காலியாகத்தான் கிடக்கும். இருவரும் உண்மையாகவே வருவதாக இருந்தால், எங்கள் குழுவும் இன்னொரு குழுவும் சேர்ந்து வாடகையில் பாதியைப் போட்டுக்கொள்கிறோம். மீதிக்கு வாசலில் உண்டியல் வைக்கலாம். சொந்தப் பாடல்கள் மட்டுமே வாசிப்போம். ஒலிச்சோதனை இரண்டு குழுவுக்கும் சமம்.