ஹென்ட்ரிக்ஸ் ஜின்: பூ வாசம் ரொம்பத் தூக்கலா?

கேள்வி: இதுவரை டாங்கரே ஜின் மட்டும்தான் குடித்திருக்கிறேன், அதிலுள்ள ஜூனிபர் (ஜின்னுக்கு அடிப்படை வாசம் தரும் காய்) காட்டம் பிடிக்கும். ஹென்ட்ரிக்ஸில் ரோஜா, வெள்ளரி என்கிறார்களே, சர்பத் மாதிரி இனிக்குமா?

பதில் 1: இனிக்காது. ஸ்காட்லாந்தின் கிர்வனில் தயாராகி 1999இல் வெளிவந்த சரக்கு. ஜூனிபர், கொத்தமல்லி விதை உட்பட 11 பொருட்களை இரண்டு வகை வாலைகளில் (சாராயம் வடிக்கும் கலன்களில்) வடிக்கிறார்கள், ஒன்றில் ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, இன்னொன்றில் ஆவியை மட்டும் கூடை வழியே போகவிட்டு, அப்புறம் இரண்டையும் கலந்த பிறகுதான் ரோஜாவும் வெள்ளரியும் சேரும். அதனால் மூக்குக்குப் பூ முதலில் வரும், ஜூனிபர் பின்னால் நிற்கும்.

பதில் 2: டாங்கரே ஆளுக்கு இது சப்பென்றுதான் இருக்கும், எனக்கு அப்படித்தான்.

பதில் 3: ஜின்னோடு கலக்கும் டானிக் வாட்டரில் எலுமிச்சை பிழிந்தால் ரோஜா காணாமல் போய்விடும். வெள்ளரித் துண்டு போதும்.