உதவி தேவை: பர்மாவில் பெகு பக்கம் ஒரே நாளில் இறந்த பூட்டனும் பூட்டியும். காரணத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

சிரியம் பேத்தி:
வணக்கம். நாங்கள் ரங்கூனுக்கு எதிர்க்கரையில், சிரியத்தில் இருக்கிறோம். அப்பாவின் தாத்தாவும் பாட்டியும் பெகுவுக்குத் தெற்கே ஒரு வயல் கிராமத்தில் செட்டியார் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவர்கள். ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து வந்தவர்கள் என்பது மட்டும் தெரியும். எந்த ஊர் என்று சொல்ல இப்போது ஆள் இல்லை.

இருவரும் ஒரே நாளில் இறந்துபோனார்கள். அதில் மட்டும் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்படி இறந்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். பெரியப்பா பேதி என்பார். சித்தப்பா, கலவரத்தில் பர்மாக்காரர்கள் வெட்டிவிட்டார்கள் என்பார். பெரிய அத்தை சொல்வதுதான் விசித்திரம்: பூமாதேவி வாயைத் திறந்து தண்ணீரும் மணலுமாகக் கக்கினாள், அன்றைக்கு இருவரும் போய்விட்டார்கள் என்பார். அத்தைக்குச் சீதை கதை ரொம்பப் பிடிக்கும், அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தாத்தா அப்போது சின்னப் பையன். உறவுக்காரர் ஒருவர்தான் தூக்கிவந்து வளர்த்திருக்கிறார்.

கையில் இருப்பது தாத்தாவின் வெளிநாட்டவர் பதிவு அட்டையும், அவரை வளர்த்தவர் தெவசத்துக்காக எழுதிவைத்த ஒரு பழைய நோட்டும்தான். இறப்புச் சான்று கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தைய ஏடு எதுவும் இல்லை என்று நிற்கவைத்தே அனுப்பிவிட்டார்கள். மொரீஷியஸ் தமிழர்கள் கப்பல் பெயர் வரைக்கும் எடுத்துவிடுகிறார்களே, நமக்கு அப்படி ஏதாவது உண்டா? யாராவது வழி சொல்லுங்கள்.

தட்டோன்காரன்:
கப்பல் பட்டியலைத் தேடி அலைய வேண்டாம் அக்கா. மொரீஷியசுக்கும் நேட்டாலுக்கும் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து, தகப்பன் பெயர், ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதிவைத்தார்கள். மொரீஷியசில் அந்த ஏடுகள் மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பர்மா கதை வேறு. 1937 ஏப்ரல் 1 வரைக்கும் பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். மதராசில் டெக் டிக்கெட் எடுத்தால் ரங்கூனில் இறங்கிவிடலாம், பாஸ்போர்ட் கிடையாது. நம் ஆட்கள் கூலிக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி பின்னாலோ சொந்தக்காரர் பின்னாலோ வந்தவர்கள். பெயர் எழுதிய ஏடு இருந்தால் அது மேஸ்திரி மடியில் இருந்திருக்கும்.

1931 குடிமதிப்பும் உதவாது. பர்மாவில் இந்தியர் 10 லட்சத்துக்கு மேல் என்று எண்ணிக்கை அச்சில் இருக்கிறது, ஆட்களின் பெயர் இல்லை.

பதிவு அட்டையின் பின்பக்கம் பார்த்தீர்களா? தகப்பன் பெயர், பிறந்த இடம் எழுதியிருக்கும்.

மண்டலே மாமி:
ஊரில் குலதெய்வத்துக்கு முடி இறக்காமல் விட்டிருப்பார்கள். அதைச் செய்யுங்கள், வழி தானாகத் திறக்கும்.

பஞ்சாங்கப் பித்தன்:
முடி இறக்குவது இருக்கட்டும். தெவச நோட்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே அம்மா! தெவசத்துக்கு எழுதியது என்றால் மாதமும் திதியும் கட்டாயம் இருக்கும். எழுத்துக்கு எழுத்து அப்படியே இங்கே போடுங்கள். புரியாத குறி இருந்தால் அதன் வடிவத்தையும் சொல்லுங்கள்.

சிரியம் பேத்தி:
அட்டையில் பிறந்த இடம் "பெகு மாவட்டம்" என்று மட்டும் இருக்கிறது. தகப்பன் பெயர் இருக்கிறது, அதைப் பொதுவில் போட விருப்பமில்லை.

நோட்டில் எங்களுக்கு வேண்டிய வரி இதுதான்: "பிரமோதூத ௵ சித்திரை ௴ வளர்பிறை அட்டமி திங்கக்கிழமை ராத்திரி. அய்யாவும் ஆத்தாளும்." அதற்குக் கீழே பெகு என்று மட்டும் எழுதியிருக்கிறது, கிராமத்தின் பெயர் இல்லை. நாங்கள் சித்திரை வளர்பிறை அட்டமியில் தெவசம் கொடுக்கிறோம். முதல் சொல் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை.

பஞ்சாங்கப் பித்தன்:
அம்மா, உங்களுக்கு வேண்டிய தேதி இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

௵ என்றால் வருடம், ௴ என்றால் மாதம். பிரமோதூத என்பது அறுபது வருடச் சுற்றில் நான்காவது. பிரபவ 1927 சித்திரையில் பிறந்தது. அடுத்து விபவ, சுக்கில, அப்புறம் பிரமோதூத. அதாவது 1930 ஏப்ரல் நடுவிலிருந்து 1931 ஏப்ரல் நடு வரைக்கும். அதற்கு அறுபது வருடம் முன்னால் போனால் 1870, பின்னால் வந்தால் 1990. இரண்டுமே உங்கள் தாத்தா வயதுக்குப் பொருந்தாது.

1930 ஏப்ரல் 28 அமாவாசை. அன்றைக்குச் சூரிய கிரகணமும் உண்டு, அதனால் இந்த நாளில் தகராறே இல்லை. அதிலிருந்து வளர்பிறை எண்ணினால், மே 5 மத்தியானத்துக்கு மேல் அட்டமி பிடிக்கிறது, ராத்திரி முழுக்க நிற்கிறது. சூரியன் இன்னும் மேஷத்தில்தான், ஆகவே சித்திரை. 1930 மே 5 என்ன கிழமை என்று நீங்களே பாருங்கள். திங்கள்! வருடம், மாதம், திதி, கிழமை நான்கும் ஒரே நாளில் வந்து விழுகின்றன. அந்தச் சித்திரையில் வேறு வளர்பிறை அட்டமி கிடையாது. அடுத்த வருடச் சித்திரையில் அட்டமி ஏப்ரல் 25 வாக்கில் வருகிறது, அது சனிக்கிழமை.

எழுதிவைத்தவர் கெட்டிக்காரர். ஆங்கிலத் தேதி எழுதியிருந்தால் ஒரு எண் அழிந்தாலே எல்லாம் போயிருக்கும்.

கிட்டங்கி:
1930 மே 5 திங்கள் ராத்திரி, பெகு. பித்தன் ஐயா தேதியைப் போட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அத்தை சீதை கதை சொல்லவில்லை. அது பெகு பூகம்பம்.

அன்று ராத்திரி எட்டு மணி தாண்டி அடித்தது. 7 புள்ளிக்கு மேல். பெகு நகரத்தில் சுமார் 500 பேர், ரங்கூனில் சுமார் 50 பேர் இறந்தார்கள். ஷ்வேமோதோ பகோடா அன்றைக்குத்தான் இடிந்து விழுந்தது. இப்போது நாம் பார்ப்பது 1950களில் எழுப்பியது. 2025 மார்ச் 28 அன்று மண்டலேயைப் புரட்டிப்போட்டதே, அதே சகாயிங் பிளவின் தெற்குப் பகுதி.

தண்ணீரும் மணலும் என்று அத்தை சொல்வதைக் கவனியுங்கள். பெகுவுக்குத் தெற்கே எல்லாம் ஆற்று வண்டல், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். அந்த மாதிரி மண் பலமாகக் குலுங்கினால் ஈரமணல் குழம்பாகி, பிளவு வழியாக நீரோடு பீய்ச்சி அடிக்கும். வயலில் மணல் குவியல் குவியலாக நிற்கும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கோகின் பிரவுன் முதலானவர்கள் அந்த இடங்களைப் பார்த்து அறிக்கை எழுதியிருக்கிறார்கள், தேடினால் இணையத்தில் கிடைக்கும். உங்கள் கிராமத்துப் பக்கத்தை அதில் பாருங்கள். பார்க்காத ஒருவர் மணலையும் சேர்த்துக் கற்பனை செய்யமாட்டார். யாரோ நேரில் பார்த்தவர் சொன்னதுதான் அத்தை வாய்க்கு வந்திருக்கிறது.

தட்டோன்காரன்:
அப்படியென்றால் சித்தப்பா சொல்லும் கலவரம்? 1930 மேயில்தானே ரங்கூன் துறைமுகத்தில் கப்பல் கூலி வேலை விஷயமாகத் தெலுங்கர்களை வெட்டினார்கள்.

கிட்டங்கி:
அது மே 26இல் தொடங்கியது. வைகாசி பிறந்துவிட்டது, இரண்டு நாளில் அமாவாசை. வளர்பிறைக்கு இடமே இல்லை. சயா சான் தலைமையில் நடந்த விவசாயிகள் கிளர்ச்சி அந்த டிசம்பரில்தான் தரவாடியில் தொடங்கியது. 1931இல் பெகு, ஹந்தவாடிப் பக்கக் கிராமங்களில் இந்தியர்களைத் தாக்கினார்கள் என்பது உண்மை, ஆனால் நோட்டில் உள்ள நாள் அதற்கு முந்தியது. டிசம்பரில் பியூவிலும் ஒரு பூகம்பம் வந்தது, சித்திரை என்பதால் அதுவும் இல்லை.

ஒரே வருடத்தில் பூகம்பம், கலவரம், கிளர்ச்சி எல்லாம் வந்தால் ஒரு குடும்பத்தின் நினைவில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். சித்தப்பா பொய் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் யாருக்காவது அது நடந்திருக்கும்.

நெல்லுமில் வாத்தியார்:
கொஞ்சம் பொறுங்கள். எனக்கு ஒரு இடத்தில் உதைக்கிறது.

வயல் கிராமத்துக் குத்தகைக்காரர் வீடு என்றால் மூங்கில், 'தனி' என்கிற நிப்பாப் பனை ஓலை, தரைக்கு மேலே கால் ஊன்றிய வீடு. அது ஆடும், சாயும், விழுந்தாலும் பெரும்பாலும் ஆள் பிழைத்துக்கொள்வார். பெகுவில் ஆட்கள் செத்தது செங்கல் கட்டடம் சரிந்தும், அதன் பின்னால் பிடித்த தீயிலும்தான். புருஷன் பெண்டாட்டி இருவரும் கிராமத்தில் இருந்திருந்தால் ஒரே ராத்திரியில் இருவரும் போவது கடினம். பிளவுக்குள் விழுந்தார்கள் என்பது கதையில் வரும், நடப்பது அபூர்வம்.

நோட்டில் கிராமத்தின் பெயர் இல்லை, பெகு என்று மட்டும் எழுதியிருக்கிறது என்கிறீர்கள். வளர்த்தவர் இறந்த இடத்தைத்தான் எழுதியிருக்கிறார் என்றால், அன்று ராத்திரி இருவரும் டவுனில் இருந்திருக்கிறார்கள். பிள்ளையை யாரிடமோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், அதனால் அவர் பிழைத்தார். மழைக்கு முந்தைய மாதம் அது. உழவுச் செலவுக்குக் கடன் கேட்டுக் கிட்டங்கிக்கு, அதாவது செட்டியார் வட்டிக்கடைக்குப் போகிற காலம். பெண்சாதியையும் கூட்டிப்போனது நகை அடகு விஷயமாக இருக்கலாம். இது என் ஊகம், ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அத்தையிடம் ஒன்று கேளுங்கள்: அன்றைக்குத் தாத்தா எங்கே தூங்கினார்?

சிரியம் பேத்தி:
அத்தைக்கு இப்போதுதான் போன் பேசினேன். பூகம்பம் என்று நான் வாயைத் திறக்கவே இல்லை, வாத்தியார் ஐயா சொன்ன கேள்வியை மட்டும் கேட்டேன். "அவரைப் பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மாகிட்ட விட்டுட்டுப் போனாங்க, அந்தம்மாதான் மடியில போட்டுக்கிட்டு வயல்வரப்புல உட்கார்ந்திருந்துச்சாம், விடியவிடிய வீட்டுக்குள்ள போகலையாம்" என்றார். எங்கே போனார்கள் என்றால், "டவுனுக்குத்தான், திருகாணி விஷயமா" என்கிறார். திருகாணி எதற்கு என்று கேட்டால் தெரியவில்லை. இதை இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்றேன். நீங்கள் யாரும் கேட்கவில்லையே என்கிறார்.

மணல் கதையை அத்தைக்குச் சொன்னது அந்தப் பர்மாக்காரம்மாதான். தாத்தா பெரியவரானதும் அவரைப் பார்க்க அடிக்கடி போவாராம். அப்படியானால் மணலைப் பார்த்தது கிராமத்தில், இறந்தது டவுனில்.

அடுத்து எங்கே தேடுவது? டவுனில் இறந்தவர்கள் பட்டியல் என்று ஏதாவது உண்டா?

கிட்டங்கி:
அவ்வளவு உடலையும் சேர்த்து எரித்தோ புதைத்தோ இருப்பார்கள், அதனால் கூலி, குத்தகைக்காரர் பெயரெல்லாம் பட்டியலில் வந்திருக்கும் என்று பெரிதாக நம்ப வேண்டாம். ஆனாலும் இரண்டு இடம் பார்க்கலாம். பர்மா அப்போது இந்திய மாகாணம் என்பதால் நிவாரணக் கடிதப் போக்குவரத்து டெல்லிக்கும் போயிருக்கும். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் "பெகு", "பூகம்பம்", 1930 என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். ரங்கூனிலேயே தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது, அடையாள அட்டையோடு நேரில் போங்கள். பத்திரிகை என்றால் ரங்கூன் கெசட், சென்னையில் சுதேசமித்திரன், 1930 மே இரண்டாம் வாரத்து இதழ்கள்.

அதைவிட எனக்கு நம்பிக்கை செட்டியார் பேரேட்டில்தான். குத்தகைக்காரர் இறந்தால் கணக்கை அப்படியே விடமாட்டார்கள். நிலுவை யார் பேரில் போனது, அடகு நகை என்ன ஆனது என்று ஏட்டில் ஏறும். ஏஜெண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறினாலும் கணக்கு முதலாளி வீட்டுக்குப் போகும், செட்டிநாட்டு வீடுகளில் இன்னும் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்திலும் விசாரியுங்கள். ஆனால் எந்தக் கடை, எந்தச் செட்டியார் என்று தெரியாமல் போனால் கடலில் ஊசி தேடுவதுதான். அத்தையிடம் முதலாளி விலாசம், அதாவது கடையின் தலைப்பெழுத்துப் பெயர், கேளுங்கள். மூன்று நான்கு தலைப்பெழுத்து நினைவிருந்தாலே போதும்.

பஞ்சாங்கப் பித்தன்:
அத்தை பேசும்போது பதிவு செய்துகொள்ளுங்கள் அம்மா. நடுவில் திருத்தாதீர்கள், தேதி சொல்லிக் கொடுக்காதீர்கள். பூகம்பம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் எல்லாவற்றையும் அதற்குள்தான் வைத்துச் சொல்வார்.

சிரியம் பேத்தி:
சரிங்க ஐயா. ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போகிறேன். முதலாளி பெயரோடு அந்தப் பர்மாக்காரம்மாவின் பெயரையும், அவர் பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதையும் கேட்டுவந்து இங்கேயே எழுதுகிறேன்.