இணைச்சீரின்போது அக்கா நின்ற இடம்

பெருந்துறைப் பக்கத்திலிருந்து:
எனக்குத் திருமணமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. கொங்குத் திருமணத்தில் மாப்பிள்ளையோடு அவன் சகோதரி நின்று செய்யும் இணைச்சீர் என்ற சொல்லைக் கேட்டாலே இன்றும் மனம் கனக்கிறது. உடன்பிறந்தவர் ஒரே அக்கா, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அக்காவின் கணவர் இறந்து அப்போது இரண்டு ஆண்டுகள். "அக்காளே நிக்கட்டுமுங்க" என்றேன். "சாங்கியம்னு ஒண்ணு இருக்குது கண்ணு" என்றார் சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர். பெரியப்பா மகளை நிறுத்தினார்கள். அக்கா ஈரோட்டுக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து எடுத்த கூறைச்சேலையின் ஒரு தலைப்பு என்னிடமும் மறு தலைப்பு பெரியப்பா மகளிடமும் இருக்க, மங்கல வாழ்த்து பாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா சமையற்கட்டு வாசலில் வெற்றிலைக் காம்புகளைக் கிள்ளித் தாம்பாளத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு முறைகூட நிமிரவில்லை. நான் எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை.

கோபியிலிருந்து:
அருமைக்காரரைக் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. எழுதிங்கள் சீர் என்னும் தகுதிச் சடங்கை முடித்து, மூத்தவர்களிடம் முறை கற்று வந்தவர், கற்றதைத்தான் செய்வார். மணவறையில் வைத்துக் கேட்டால் யாரும் மாற மாட்டார்கள். முகூர்த்தக்கால் போடுவதற்கு முன்பே வீட்டார் ஒருமித்துப் போய்ப் பேசியிருக்க வேண்டும். என் தம்பி திருமணத்தில் நாங்கள் அப்படிப் பேசியதால்தான், அப்பாவை இழந்திருந்த எங்கள் அம்மா முன்வரிசையில் நின்று அட்சதை போட்டார்.

தாராபுரத்திலிருந்து:
சீரைப் பற்றி வருந்துகிறீர்கள், அக்காவுக்குப் பங்கு கொடுத்தீர்களா? என் அத்தைக்குப் பொங்கல் சீர் கொண்டுபோன அன்றே சொத்துப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பேனாவைப் பிடித்திருந்த அவர் விரல்களை நான் மறக்கவில்லை. பரம்பரைச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமையை 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தம் தந்தது. அதற்கு முன்பே மணமானவர்களை அது விட்டுவிட்டது; 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. ஆகவே, சீர் செய்துவிட்டோம் என்று சொல்லி எந்த அண்ணன் தம்பியும் கணக்கை முடித்துவிட முடியாது. கையெழுத்துக் கேட்டால், படித்துப் பார்க்காமல் போட வேண்டாம் என்று உங்கள் வீட்டுப் பெண்களிடம் இன்றே சொல்லுங்கள்.

பெருந்துறைப் பக்கத்திலிருந்து, மீண்டும்:
அக்காவின் பங்கு அவர் பெயரிலேயே இருக்கிறது. நான் சொல்ல வந்தது அதுவன்று. வரும் தை மாதம் அக்கா மகனுக்குத் திருமணம். அவன் தங்கை இணைச்சீருக்கு நிற்பாள். பெற்றவர் எங்கே நிற்பார் என்று இதுவரை யாரும் பேசவில்லை. கோபிக்காரர் சொன்னபடி, முகூர்த்தக்காலுக்கு முன்பே, இந்த ஞாயிற்றுக்கிழமை, அருமைக்காரர் வீட்டுக்குத் தாய்மாமனாகப் போகிறேன்.